ஜிபிஏ 2.3 இருந்தும் கல்லூரி நிதியுதவி ஏன் நிறுத்தப்படுகிறது?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியை, புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கும் குடும்பம். மகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறார். ஜிபிஏ, அதாவது 4க்கு எவ்வளவு என்று கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.3. மே மாதக் கடைசியில் கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சல், கல்வி முன்னேற்ற விதியை அவர் நிறைவு செய்யவில்லை என்றும், இலையுதிர் பருவத்திலிருந்து மத்திய அரசின் நிதியுதவிக்கு அவருக்குத் தகுதி இல்லை என்றும் தெரிவிக்கிறது. தேர்ச்சிக்கு 2.0 போதும் என்றிருக்கும்போது இது அலுவலகத் தவறாகத்தானே இருக்க வேண்டும், முன்னெச்சரிக்கை ஏன் வரவில்லை, முறையீட்டில் என்ன எழுதுவது, வேறு கல்லூரிக்கு மாறிவிட்டால் சரியாகிவிடுமா, வாங்கிய கடனை உடனே கட்ட வேண்டியிருக்குமா என்று அவர் அடுக்கியிருக்கிறார். தொலைபேசியில் அழைத்தபோது அலுவலகம் தம்மிடம் பேசவே மறுத்துவிட்டது என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. கேள்விகள் பல என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தேர்ச்சி மதிப்பெண் வைத்திருக்கும் மாணவருக்குப் பணம் எந்தக் கணக்கில் நின்றது, அது திரும்பி வர வழி உண்டா?

நான் அமெரிக்காவில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக வேலை பார்த்தவன். முறையீடுகளைப் பரிசீலிக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். ஆயினும் உங்கள் மகனின் கோப்பை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துத்தான் பேசுகிறேன். மத்திய அரசின் விதியாக நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியின் விருப்பத்துக்கு விடப்பட்டவற்றை அப்படியே குறிப்பிடுகிறேன். அவற்றை உங்கள் கல்லூரியின் கொள்கை ஆவணத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் மாணவர் உதவிக்கு அடிப்படையானது 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். உதவி பெறும் மாணவர் படிப்பில் திருப்தியான முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 1976இல் அதில் சேர்ந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் விதிகளின் வடிவம் 2011 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அலுவலகங்களில் இதை 'சாப்' (Satisfactory Academic Progress என்பதன் சுருக்கம்) என்றே சொல்வார்கள். அரசு குறைந்தபட்ச வரம்பை மட்டும் வகுக்கிறது. அதற்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன் கொள்கையைத் தானே எழுதிக்கொள்கிறது, வேண்டுமானால் இன்னும் கடுமையாகவும் எழுதலாம். திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் மானியம், மாணவர் பெயரிலான டைரக்ட் லோன், படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் வொர்க் ஸ்டடி, பெற்றோர் வாங்கும் பிளஸ் லோன் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே நிபந்தனை பொருந்தும். பிளஸ் லோனை நீங்கள் வாங்கினாலும் மகனின் முன்னேற்றத்தைத்தான் பார்ப்பார்கள். பெல் கிராண்ட் மட்டுமே 2025–26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர் என்பதால், ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த மின்னஞ்சல் எவ்வளவு பெரிய அடி என்பது எனக்குப் புரிகிறது.

முன்னேற்றத்தை மூன்று அளவுகோல்களால் அளக்கிறார்கள். முதலாவது மதிப்பெண் சராசரி. இரண்டு கல்வியாண்டுகளுக்கு மேல் நீளும் படிப்பில், இரண்டாம் ஆண்டின் முடிவில் மாணவர் 'சி' சராசரியோ, பட்டம் பெறுவதற்கு ஏற்ற நிலையோ எட்டியிருக்க வேண்டும். நடைமுறையில் அது 2.0. உங்கள் மகன் இதைத் தாண்டிவிட்டார். எனவே அலுவலகம் இந்த இடத்தில் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது இரண்டாவது அளவுகோல். அதை வேகம் என்பார்கள்: இதுவரை முயன்ற கிரெடிட்டுகளில் (ஒவ்வொரு பாடத்தின் அளவையும் குறிக்கும் அலகுகளில்) எத்தனை சதவீதத்தை முடித்திருக்கிறார் என்ற கணக்கு. மூன்றாவது, பட்டத்துக்கான உச்சக் கால வரம்பு. இளநிலைப் பட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரைதான் உதவி கிடைக்கும். 120 கிரெடிட் படிப்பு என்றால் 180 கிரெடிட் முயற்சி வரை. இரண்டாவது அளவுகோல் இந்த மூன்றாவதிலிருந்துதான் பிறக்கிறது. 180 முயன்று 120 முடிக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வேகம் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளின் கொள்கையில் நீங்கள் பார்க்கும் 67 சதவீதம் அங்கிருந்து வந்தது. இந்த எண் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாண்டில் சற்றுக் குறைத்துவைத்துப் பிறகு படிப்படியாக ஏற்றும் கல்லூரிகளும் உண்டு. ஒன்றரை மடங்குக்குள் படிப்பு முடிய வேண்டும் என்பது மட்டும் மாறாது.

நீங்கள் கொடுத்திருக்கும் பருவவாரி விவரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். முதல் பருவத்தில் 15 கிரெடிட் எடுத்து 15ஐயும் முடித்தார். இரண்டாம் பருவத்தில் 16 எடுத்து, 4 கிரெடிட் வேதியியலிலிருந்து விலகி, 12 முடித்தார். மூன்றாம் பருவத்தில் 15 எடுத்தார். இரண்டு பாடங்களிலிருந்து விலகினார், ஒன்றில் எஃப் வாங்கித் தோற்றார், மீதம் 6. நான்காம் பருவத்தில் 14 எடுத்து, ஒன்றில் விலகி, ஒன்றில் தோற்று, மறுபடி 6. முயன்றவை 60, முடித்தவை 39. வேகம் 65 சதவீதம். வரம்பு 67 என்றால் இரண்டே சதவீதத்தில் விழுந்திருக்கிறார். அலுவலகத் தவறு எதுவும் எனக்கு இதில் தெரியவில்லை.

குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்துபோகின்றன. பாடம் கடினமாக இருக்கிறது, எஃப் வாங்குவதைவிட விலகிவிடு என்று கல்வி ஆலோசகர் சொல்லுவார். ஜிபிஏயைக் காப்பதற்கு அது சரியான அறிவுரைதான். மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்று விழும், சராசரியைத் தொடாது. வேகக் கணக்கிலோ அந்த டபிள்யூவுக்கும் எஃபுக்கும் வேறுபாடே கிடையாது. இரண்டுமே முயன்று முடிக்காத கிரெடிட்டுகள். உங்கள் மகன் இழந்த 21 கிரெடிட்டில் 14 இப்படி விலகிய பாடங்களுடையவை. கல்வி ஆலோசகரும் நிதியுதவி ஆலோசகரும் வெவ்வேறு கட்டடங்களில் உட்கார்ந்துகொண்டு வெவ்வேறு கணக்குகளைப் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு பத்தொன்பது வயதுப் பையன் தலையில் விழுகிறது. இது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பருவத் தொடக்கத்தில் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி தரும் கெடுவுக்குள் நீக்கிவிட்டால் பொதுவாக அது முயற்சியாகவே எண்ணப்படாது. கெடு கடந்து ஒருநாள் ஆனாலும் எண்ணப்படும். முடிக்காமல் 'இன்கம்ப்ளீட்' என்று நிற்கும் பாடமும் முடிக்கும்வரை இந்தக் கணக்கில் பாரம்தான். உதவியே வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த பருவங்களும் கணக்கில் சேரும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

முன்னெச்சரிக்கை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் விதியிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் முன்னேற்றத்தைச் சரிபார்க்கும் கல்லூரிகள் மட்டுமே, முதல்முறை தவறும் மாணவருக்கு 'எச்சரிக்கை நிலை' என்று ஒரு பருவம் தவணை தர முடியும். அந்தப் பருவத்தில் முறையீடு இல்லாமலே உதவி தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சரிபார்க்கும் கல்லூரிக்கு அந்தச் சலுகையை அளிக்க அனுமதி இல்லை. உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால் மகனின் கல்லூரி வசந்தப் பருவம் முடிந்ததும் ஒரே ஒருமுறை பார்க்கும் வகையைச் சேர்ந்தது. டிசம்பரிலேயே 46க்கு 33 என்று ஏறத்தாழ 72 சதவீதத்துக்கு இறங்கியிருந்தார். அப்போது அந்தக் கணக்கைப் பார்க்க அலுவலகத்தில் யாரும் இல்லை.

திரும்பப் பெறும் வழிகள் இரண்டு. ஒன்று, அளவுகோலை மறுபடி எட்டிவிடுவது. மற்றது முறையீடு. எல்லோரும் இரண்டாவதற்கே ஓடுகிறார்கள். உங்கள் மகனைப் பொறுத்தவரை முதலாவதையும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் குறை மிகச் சிறியது. கோடைப் பருவத்தில் 3 கிரெடிட் பாடங்கள் இரண்டை எடுத்து இரண்டிலும் தேறினால் 66க்கு 45, அதாவது 68.2 சதவீதம், வரம்பைத் தாண்டிவிடுகிறார். ஒரே ஒரு பாடம் எடுத்துத் தேறினால் 63க்கு 42, சரியாக 66.67. இதை 67 என்று முழுமையாக்கிக்கொள்ளக் கல்லூரிக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. உங்கள் கொள்கை ஆவணம் '67 சதவீதம்' என்கிறதா, 'மூன்றில் இரண்டு பங்கு' என்கிறதா, முழுமையாக்குவது பற்றி ஏதாவது சொல்கிறதா என்பதை ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எடுத்து ஒன்றில் தோற்றால் 63.6க்கு இறங்கிவிடுவார் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கோடையில் எடுப்பது அவரால் நிச்சயம் தேற முடிந்த பாடங்களாக இருக்க வேண்டும். தோற்ற கால்குலஸை ஆறு வார வகுப்பில் அவசரமாக மறுபடி எடுப்பதற்கு இது நேரமல்ல.

கோடைக் கட்டணத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் தகுதி இப்போது போய்விட்டது. உங்கள் கவுண்டியின் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் ஈராண்டுப் பொதுக் கல்லூரியில், எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். அங்கே முடித்த கிரெடிட்டைச் சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டால், விதிப்படி அது முயன்றதிலும் சேரும், முடித்ததிலும் சேரும். மதிப்பெண் பொதுவாக ஜிபிஏயில் சேராது. உங்கள் மகனுக்குக் குறை ஜிபிஏயில் இல்லாததால் அதனால் நட்டமில்லை. ஜிபிஏ குறைந்து தகுதி இழந்தவர் இதே வழியில் போனால் பணமும் போய்ப் பயனும் இருக்காது. பதிவு செய்யும் முன்பே அந்தப் பாடம் சொந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்பதை உறுதி செய்துகொண்டு, முடிந்த கையோடு மதிப்பெண் சான்றை அனுப்பச் சொல்லி, நிதியுதவி அலுவலகத்திடம் மறுகணக்கீடு கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் கல்லூரிகள் பல, கேட்டாலொழிய இடையில் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பருவம் படிக்காமல் சும்மா இருந்துவிட்டு வந்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையல்ல. 60க்கு 39 என்பது பத்தாண்டு கழித்தும் 60க்கு 39தான்.

இனி முறையீடு. கல்லூரி முறையீட்டை அனுமதித்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவை அனுமதிக்கின்றன. உறவினரின் மரணம், மாணவரின் காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழ்நிலைகள் ஆகியவற்றை விதியே காரணங்களாகக் குறிப்பிடுகிறது. மாணவர் இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும்: ஏன் தவறினார், அடுத்த சரிபார்ப்பில் தேறும்படி இப்போது என்ன மாறியிருக்கிறது. நான் படித்த கடிதங்களில் முதல் பகுதி மூன்று பக்கம் இருக்கும், இரண்டாம் பகுதி 'இனிமேல் கடுமையாக உழைப்பேன் என்று உறுதியளிக்கிறேன்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். உறுதிமொழியை வைத்துக்கொண்டு குழுவால் எதுவும் செய்ய முடியாது. குழு தேடுவது, ஏற்கெனவே நடந்துவிட்ட மாற்றத்தை. உங்கள் மகனின் நான்காம் பருவம் கெட்டதற்கு, உங்கள் வேலை போனபோது அவர் கிடங்கு ஒன்றில் வாரம் 30 மணி நேரம் இரவு வேலைக்குப் போனதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாம் பகுதியின் முதல் வரி, அவர் அந்த வேலையை விட்டுவிட்டார் அல்லது வாரம் 10 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டார் என்பதாக இருக்க வேண்டும். மேலாளரின் கடிதமோ புதிய வேலை அட்டவணையோ இணைப்பாக வேண்டும். உங்களுக்குப் புதிய வேலை கிடைத்துவிட்டதென்றால் அந்த நியமனக் கடிதத்தின் நகலும் அங்கே பேசும். தோற்ற பாடத்துக்கு இலவச டியூட்டரிங்கில் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுச் சீட்டையும் சேர்க்கலாம்.

மூன்றாம் பருவத்தில் பாட்டி மதுரையில் இறந்ததால் மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். இது விதி நேரடியாகவே குறிப்பிடும் காரணம். ஆனால் நம் குடும்பங்களின் ஆவணங்களில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டின் இறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. ஆனால் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டியின் பெயருக்கும் உங்கள் மகனின் கடைசிப் பெயராக இருக்கும் உங்கள் பெயருக்கும் ஓரெழுத்துகூடப் பொருந்தாது. அமெரிக்கப் பெயர் வழக்கத்தில் பழகிய ஒருவர் இரண்டையும் பார்த்தால், இறந்தவருக்கும் மாணவருக்கும் என்ன உறவு என்பதற்கு அந்தத் தாளில் சான்றே இல்லை. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அதன் நகலை வைத்து, 'இவர் என் தந்தையின் தாய். இணைப்பில் இருக்கும் தந்தையின் பாஸ்போர்ட்டில் தாயின் பெயரைக் காணலாம்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். போன, வந்த விமானச் சீட்டுகளின் தேதிகள் மூன்றாம் பருவத்துக்குள் விழுகின்றன என்பதையும் அவரே சுட்டிக்காட்டட்டும். குழு இதையெல்லாம் தோண்டிக் கண்டுபிடிக்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. வசந்தப் பருவம் முடிந்த சில வாரங்களில் மேசையில் குவியும் கோப்புகளுக்கிடையே ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

இரண்டாம் பருவத்து வேதியியலைப் பற்றி உங்கள் கேள்வியில் காரணம் எதுவும் இல்லை. கடிதத்திலும் அது விடுபட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதம் ஒரு கையிலும் மதிப்பெண் பட்டியல் மறு கையிலுமாகத்தான் படிப்பார்கள். பாட்டி இறப்பதற்கு முந்தைய பருவத்திலேயே ஒரு டபிள்யூ இருப்பது முதல் பார்வையிலேயே கண்ணில் படும். 'பாடத்தின் பளுவைத் தவறாக மதிப்பிட்டேன். இப்போது அதற்கு முந்தைய அடிப்படைப் பாடத்தை எடுத்துவிட்டுத்தான் போகிறேன்' என்பது போல் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு வாக்கியம் போதும். அதை மறைத்தால் மற்ற இரண்டு நல்ல காரணங்களின் மேலும் ஐயம் படரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். நம்மவர் பிள்ளைகளின் முறையீடுகளில் 'காய்ச்சல்', 'உடல்நலக் குறைவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும். நேரில் பேசும்போது அது மனச்சோர்வு என்பதும், வீட்டில் எழுத விடவில்லை என்பதும் தெரியவரும். மனநலமும் நோய்தான், விதியில் அதற்கு இடமுண்டு. கல்லூரி ஆலோசனை மையத்தின் கடிதத்தில் நோயின் பெயர்கூட இருக்க வேண்டியதில்லை. இன்ன தேதியிலிருந்து சிகிச்சையில் இருக்கிறார், தொடர்ந்து வருகிறார் என்றிருந்தால் போதும். பொதுவாக எழுதிய காய்ச்சலுக்குச் சான்று கிடைக்காது, சான்றில்லாமல் முறையீடு நிற்காது.

கடிதத்தை நீங்கள் எழுதித் தர வேண்டாம். தந்தை எழுதிய கடிதம் இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். அலுவலகம் உங்களிடம் பேச மறுத்ததும் திமிரினால் அல்ல. 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் குறித்த தனியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் கல்லூரியில் சேர்ந்த கணத்திலிருந்து, வயது எதுவானாலும், பதிவுகளின் மீதான உரிமை அவருடையது. வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்பட்ட மாணவரின் பெற்றோரிடம் கல்லூரி தகவல் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டியதில்லை. மகன் மாணவர் இணையதளத்தில் ஒப்புதல் படிவம் நிரப்பிவிட்டால் பேசுவார்கள்.

முறையீடு ஏற்கப்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அடுத்த ஒரு பருவத்துக்குள் அவர் வரம்பை எட்டிவிட முடியும் என்று குழு கருதினால் ஒரு பருவத்துக்கு 'நன்னடத்தைக் காலம்' போன்ற ஒரு நிலையில் உதவி தொடரும். உங்கள் மகன் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றையும் முடித்தால் 72க்கு 51, ஏறத்தாழ 71 சதவீதம். ஆகவே அவருக்கு இதுவே பொருத்தம். ஒரு பருவம் போதாத மாணவர்களுக்கு நீண்ட கல்வித் திட்டம் ஒன்றை வகுத்து, அதன்படி நடக்கும்வரை உதவியைத் தொடர்வார்கள். எந்த நிலையானாலும் நிபந்தனையில் 'ஒரு பாடத்திலிருந்தும் விலகக் கூடாது' என்பது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்கும். முறையீடு மறுக்கப்பட்டால் கல்லூரியின் முடிவே இறுதி. மத்திய கல்வித் துறை இதில் மேல்முறையீடு கேட்பதில்லை. உங்கள் மகனுக்குக் கிடைக்குமா என்று என்னால் சொல்ல இயலாது. காரணங்கள் வலுவானவை, குறை சிறியது, ஜிபிஏ சரியாக இருக்கிறது. நான் குழுவில் இருந்த காலத்தில் இத்தகைய கோப்புகள் சான்று இல்லாதபோதுதான் பெரும்பாலும் திரும்பிப்போயின.

கல்லூரி மாறினால் என்ன ஆகும்? புதிய கல்லூரி தன் கொள்கைப்படியே கணக்கிடும். தன் பட்டத்துக்கு அது ஏற்றுக்கொள்ளும் கிரெடிட்டுகளை மட்டும் முயன்றவையாகவும் முடித்தவையாகவும் சேர்க்கும் என்பது குறைந்தபட்ச விதி. தோற்றதும் விலகியதும் அப்படி ஏற்கப்படுவதில்லையாதலால், வேகக் கணக்கு அங்கே நல்லபடியாகத் தொடங்க வாய்ப்புண்டு. ஆனால் பழைய கல்லூரியின் எல்லா முயற்சிகளையும் எண்ணும் கல்லூரிகளும் இருக்கின்றன. இரண்டு சதவீதக் குறைக்காக, இரண்டாண்டுப் பொறியியல் பாடங்களில் பாதி ஏற்கப்படாமல் போகும் அபாயத்தோடு இடம்பெயர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே கல்லூரியிலேயே துறை மாறினால், புதிய துறைக்குப் பொருந்தாத பழைய பாடங்களைக் கணக்கிலிருந்து விலக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு, கடமை இல்லை. 'புதுத் தொடக்கம்' என்ற பெயரில் பழைய மோசமான பருவங்களை ஜிபிஏயிலிருந்து அழித்துத் தரும் கல்லூரிகள் உண்டு. மத்திய உதவியின் கணக்கில் அந்த அழிப்புக்கு மதிப்பில்லை. தோற்ற பாடத்தை மறுபடி எடுத்துத் தேறினாலும் பழைய முயற்சி முயன்றதில் அப்படியே நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மத்திய அரசின் பணத்தைப் பற்றி. மாநில அரசின் உதவிக்கும் கல்லூரியின் சொந்த ஸ்காலர்ஷிப்புக்கும் தனித்தனி விதிகள். ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் விழலாம். ஜார்ஜியா மாநிலத்தின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு 3.0 வேண்டும், அதை 30, 60, 90 கிரெடிட் முயற்சிகளின் முடிவில் சரிபார்க்கிறார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நியூ ஜெர்சி மாநில உதவி ஏதாவது வருகிறதென்றால் அதன் நிலையைத் தனியே விசாரியுங்கள்.

கடன் பற்றிய அச்சத்துக்கு இடமில்லை. முன்னேற்ற விதியில் தவறியதால் பழைய கடன் உடனே கட்ட வேண்டியதாக மாறுவதில்லை. புதிய கடன் கிடைக்காது, அவ்வளவுதான். அவர் பெயரிலான கடன்களுக்குத் தவணை தொடங்குவது, பாதிநேர அளவுக்கும் கீழே, பொதுவாகப் பருவத்துக்கு 6 கிரெடிட்டுக்கும் கீழே, அவர் இறங்கி ஆறு மாத அவகாசம் கழிந்த பிறகு. அந்த ஆறு மாதத்துக்குள் பாதிநேரமாவது மறுபடி சேர்ந்துவிட்டால் அவகாசம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். முழுவதையும் ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அந்தக் கடன்களுக்கு இன்னொரு முறை கிடையாது. வட்டி மானியம் இல்லாத கடனில் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது, முறையீட்டுக் கெடு எந்தத் தேதி என்று பார்ப்பது. அதோடு கட்டண அலுவலகத்துக்கும் மகன் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: நிதியுதவி முறையீடு நிலுவையில் இருக்கிறது, இலையுதிர்க் கட்டணத்தைத் தவணைத் திட்டத்தில் சேர்க்க விரும்புகிறேன் என்று. முறையீட்டின் முடிவு ஆகஸ்ட் நடுவில்தான் வரும் கல்லூரிகள் பல. கட்டணக் கெடு அதற்கு முன்பே வந்து, பணம் கட்டாததற்காக வகுப்புப் பதிவுகளை நீக்கிவிட்டால், முறையீட்டில் வென்ற பிறகும் அவருக்கு வேண்டிய பொறியியல் பாடங்களில் இடம் மிஞ்சியிருக்காது.